சுமை யார் தலையில்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வாலிப நண்பர் ஒருவர் சைக்கிளும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சைக்கிள் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். நான் பார்த்தது மூட்டைகளைத்தான். முன் சக்கரத்தின் இரு புறமும் இரண்டு பைகள். பின் சக்கரத்தின் இரு புறமும் இரண்டு பைகள். ஹேண்டில்பாரில் ஒரு பெட்டி. பின் காரியரின்மேல் குறுக்கே ஒரு நீளமான சுருட்டு. இத்தனைக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சைக்கிளும் இருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொண்டேன்.

“என்ன தம்பி, வீடு மாத்திக்கிட்டுப் போறீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லை சார், கோடியக்கரைக்குப் போறேன். சைக்கிள்லயே. போக மூணு நாள், வர மூணு நாள்” என்றார் அவர், முகமெல்லாம் மலர்ச்சியாக.

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம், சீர்காழி, நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று போகிற வழி அது. எல்லாம் சமதரை. பழமலை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊரிலேயே ஏறுவதற்கு மலை கிடையாது. வழியில் கொள்ளிடத்துப் பாலத்தை வேண்டுமானால் ஒரு மேடு என்று சொல்லிக்கொள்ளலாம். ஐந்து மைல் போவதற்குள் ஒரு டீக்கடை வந்துவிடும். பத்து மைலுக்குள் ஒரு ஊர் வந்துவிடும். அப்படிப்பட்ட வழிக்கு இந்த ஜோடனை!

எங்கள் தெருக்கோடியில் ஒரு பீங்கான் பட்டறை இருக்கிறது. களிமண் மூட்டைகளை நிறுக்கும் தராசு ஒன்று அங்கே உண்டு. எனக்கு ஆசை விடவில்லை. பைகளையெல்லாம் கழற்றி அதில் ஏற்றினோம். 24 கிலோ! ஒரு சிப்பம் அரிசிக்கு ஒரு கிலோதான் குறைவு. சைக்கிளின் எடையே 14 கிலோதான் என்று நண்பர் பெருமையோடு சொன்னார். எடை குறைந்த சைக்கிள் வேண்டும் என்று பல ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கினாராம். அப்படிக் காசு கொடுத்துக் குறைத்த எடையை மறுபடியும் காசு கொடுத்துப் பைகளில் வாங்கி நிரப்பியிருக்கிறார்.

பிரித்துப் பார்த்தோம். தனியே போகிறவருக்கு இருவர் படுக்கிற கூடாரம். பனிப் பிரதேசத்துக்கென்று தைத்த உறைப் படுக்கை. காஸ் அடுப்பு, பாத்திரங்கள், காபிப் பொடி. ஐந்து சட்டை, நான்கு கால்சட்டை, இரண்டு ஜோடி ஷூ. மடிக்கணினி. மூன்று புத்தகங்கள். அவற்றில் ஒன்று என்னுடைய நாவல், 600 பக்கம். முதலில் கழற்றி வைக்க வேண்டியது அதுதான் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் மனத்துணிவு வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் பாயில் பரப்பிவிட்டு ஒரு சாமானைத் தேடினேன். இல்லை. மறுபடியும் தேடினேன். காற்றடிக்கிற பம்பு இல்லவே இல்லை.

“அதெல்லாம் வழியில கடை இருக்கும் சார்” என்றார் நண்பர்.

இந்தக் கட்டுரையை என்னை எழுத வைத்தது அந்தப் பதில்தான். வழியில் டீ கிடைக்கும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. அடுப்பைச் சுமந்துகொண்டு போகிறார். படுக்க இடம் கிடைக்கும் என்று நம்பிக்கை இல்லை. வீட்டையே சுமந்துகொண்டு போகிறார். ஆனால், அத்துவானக் காட்டில் டயரில் முள் ஏறினால் அங்கே பஞ்சர் ஒட்டுகிறவன் தயாராகக் காத்துக்கொண்டிருப்பான் என்று மட்டும் அசைக்க முடியாத நம்பிக்கை! எது கிடைக்குமோ அதைச் சுமந்து, எது கிடைக்காதோ அதை விட்டுவிட்டுப் புறப்படுவதற்குப் பெயர் முன்னேற்பாடு என்று இன்றைக்கு யாரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாமலில்லை. பை விற்கிறவர்கள் முதலில் பயத்தை விற்கிறார்கள். மழை வந்தால்? குளிர் வந்தால்? பசி வந்தால்? இருட்டு வந்தால்? ஒவ்வொரு ‘வந்தாலு’க்கும் ஒரு சாமான், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அறை, அத்தனை அறைகளுக்கும் ஒரு பை. பை பெரிதாக இருந்தால் அதில் காலி இடம் இருக்கும். காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனிதனுக்குத் தெரியாது. இன்னொரு சட்டையை வைத்து அடைக்கிறான். சாமானுக்காகப் பை என்பது போய், பைக்காகச் சாமான் என்று ஆகிவிடுகிறது.

மூட்டை கட்டுகிற வித்தையை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் ஊரில் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் மின்சார ஃபியூஸ் கட்டையும் சூளையில் வெந்து, வெளியூருக்குப் போகின்றன. உடையக்கூடிய சரக்கு, குண்டும் குழியுமான ரோடு. பெட்டியில் அடுக்குகிறவர் கையில்தான் முதலாளியின் லாபமே இருக்கிறது. அந்த வேலையில் நெடுநாள் பழகிய ஓர் அம்மாளிடம், “எதம்மா முதலில் உடையும்? கனமானதா, லேசானதா?” என்று ஒரு தடவை கேட்டேன். கையை நிறுத்தாமலே அவர் சொன்னார்: “கனமும் இல்ல, லேசும் இல்ல சாமி. ஆடுற சாமான்தான் ஒடையும்.”

அந்த ஒரு வாக்கியத்தில் சைக்கிள் மூட்டையின் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கனமானது அடியில், சட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். இடமும் வலமும் ஒரே நிறையாக இருக்க வேண்டும். எந்தச் சாமானும் உள்ளே உருளக் கூடாது. எந்தப் பையும் வெளியே ஊசலாடக் கூடாது. ஊசலாடுகிற பை ஒவ்வொரு மிதிக்கும் வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். கொக்கி கழன்றால் சக்கரக் கம்பிக்குள் போய் மாட்டும். ஹேண்டில்பாரில் கனத்தைத் தொங்கவிட்டால் திருப்பத்தில் அது நம் பேச்சைக் கேட்காது. மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிட வேண்டும். இடித்தால் பையைப் பின்னால் தள்ளி மாட்ட வேண்டும். முதுகில் பை கட்டிக்கொண்டு போவதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை. சுமப்பதற்கென்று இரும்பில் ஒரு காரியர் இருக்கும்போது முதுகெலும்பு எதற்கு? வெயிலில் முதுகு வேகும். அத்தனை கனமும் உட்காருகிற இடத்தில் இறங்கும்.

சமதரையில் ஒரே வேகமாகப் போகும்போது எடை அவ்வளவாகத் தெரியாது. அங்கே எதிரி காற்றுதான் என்று விஷயம் தெரிந்தவர்கள் வாதாடுவார்கள். வாஸ்தவம். ஆனால், பக்கத்துக்கு இரண்டாகப் புடைத்துக்கொண்டிருக்கும் பைகள்தானே அந்தக் காற்றைப் பிடித்து நிறுத்துகின்றன? கடற்கரையை ஒட்டிய ரோட்டில் பிற்பகல் காற்றை எதிர்த்து மிதித்துப் பாருங்கள்; தெரியும். போதாததற்கு நம் உடம்பின் கனத்தில் பெரும் பகுதியை ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கிற பின் சக்கரம் ஒவ்வொரு குழியிலும் அந்த மூட்டையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். கம்பி அறுவது அங்கேதான். பிரேக் பிடித்தால் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் கூடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ‘சுமையே வேண்டாம், ஒரு துண்டோடு புறப்படுங்கள்’ என்று நான் முடிப்பேன் என்று வாசகர்கள் எதிர்பார்க்கலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்; என் குற்றத்தை மறைத்துக்கொண்டு பிறர் குற்றத்தைப் பேசுவது அழகல்ல.

சில வருஷங்களுக்கு முன்னால் கங்கைகொண்டசோழபுரம், அணைக்கரை வழியாகக் கும்பகோணத்துக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். மாற்றுச் சட்டை ஒன்று, வேட்டி ஒன்று, துண்டு ஒன்று, பல்பொடி. அவ்வளவுதான். பார்த்தவர்களிடமெல்லாம், “இதுதான் என் மூட்டை” என்று தூக்கிக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஜெயங்கொண்டத்தைத் தாண்டி, வெயில் சாய்கிற நேரத்தில் கருவேல முள் ஒன்று என் பெருமையில் ஏறிற்று.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். எதிரே இரண்டு பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஒரு பால்காரர் வந்தார். நான் கேட்காமலே இறங்கினார். தம்முடைய பம்பை எடுத்தார், சொலூஷனை எடுத்தார், டியூபை உருவி வாய்க்கால் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். ஓட்டை ஒன்றல்ல, இரண்டு. தேய்த்து, ஒட்டி, காயவைத்து, மாட்டி, காற்றடித்து முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று. சொசைட்டியில் பால் ஊற்றுகிற நேரம் போய்விட்டது என்று அவர் முணுமுணுத்தபோதுதான் அந்தக் கேன்களில் இருந்தது யாருடைய சாயங்காலக் கூலி என்பது எனக்கு உறைத்தது. பணம் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டார். பிறகு என் சின்ன மூட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பம்பு ஒரு சாண் நீளந்தானுங்களே. அதக் கொண்டாரக் கூடவா எடமில்ல?”

அதற்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. பாரம் இல்லாமல் போகிறேன் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பாரம் இருந்தது. அதை அந்தப் பால்காரர் தலையில் வைத்துவிட்டிருந்தேன், அவ்வளவுதான். 24 கிலோ சுமக்கிற என் வாலிப நண்பரும், ஒன்றும் சுமக்காமல் போன நானும் ஒரே ரகம். இருவர் மூட்டையிலும் பம்பு இல்லை.

சுமையைக் குறைத்தவர்கள் என்று உலகம் கொண்டாடுகிறவர்களைப் பாருங்கள். வங்காளத்து ராம்நாத் பிஸ்வாஸ் 1931-ல் சிங்கப்பூரிலிருந்து சைக்கிளில் உலகம் சுற்றப் புறப்பட்டபோது கொண்டுபோனவை ஒரு ஜோடி செருப்பு, இரண்டு போர்வை, சைக்கிளைப் பழுது பார்க்கும் கருவிகள் அடங்கிய ஒரு பெட்டி. மற்றதையெல்லாம் விட்டவர் அந்தக் கருவிப் பெட்டியை விடவில்லை. அவருக்கு வெகு காலம் முன்பு, 1884-ல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து உயரச் சக்கர சைக்கிளில் கிளம்பி 1886-ல் ஜப்பானில் போய் நின்ற தாமஸ் ஸ்டீவன்ஸின் மூட்டையில் காலுறை, மாற்றுச் சட்டை, ஒரு மழைக்கோட்டு. அந்தக் கோட்டுதான் அவருக்குக் கூடாரமும் படுக்கையும். கூடவே ஒரு கைத்துப்பாக்கி. பயத்துக்கும் எடை உண்டல்லவா? ஆனால், ஒரே சாமானை மூன்று காரியத்துக்கு வைத்துக்கொண்ட அந்த யுக்தி நமக்குப் புதிதல்ல. நம் துண்டு என்ன செய்யாது? துவட்டும், வெயிலுக்குத் தலைப்பாகையாகும், விரித்தால் படுக்கை, போர்த்தினால் போர்வை, முடிந்தால் பை.

“வழியில் இருக்கிற ஜனங்கள் நல்லவர்கள்; எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று பேசுகிற ஒரு கூட்டமும் உண்டு. நண்பர் போகிற அதே வேதாரண்யத்துக்கு 1930 ஏப்ரலில் ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து போனார். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன் எச்சரித்தார். ஜனங்கள் அதற்கும் அஞ்சாமல் வழியெல்லாம் சோறு போட்டார்கள். மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டதாகக்கூடச் சொல்வார்கள். இந்த ஜனங்கள் நல்லவர்கள்தாம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால், அவர்கள் சோறு போட்டது நாட்டுக்காக நடந்தவர்களுக்கு. ஆறு நாள் லீவில் ஆசைக்குச் சைக்கிள் மிதிக்கிற நானும் நீங்களும் அந்த நல்ல மனத்தை ஒரு சாமானாகக் கணக்கிட்டு, அந்தத் தைரியத்தில் பம்பை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படலாமா? கேட்காமல் வருகிற உதவி வேறு. அதை எண்ணிக்கொண்டு கிளம்புவது வேறு.

மூட்டையை வேனில் ஏற்றிப் பின்னால் வரச்சொல்லிவிட்டு, கையை வீசிக்கொண்டு மிதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். முதியவர்களுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் பெருங்கூட்டமாகப் போகிறவர்களுக்கும் அது நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், சாயங்காலம் அந்த வேனிலிருந்து மூன்று பெட்டிகளை இறக்கிக்கொண்டு, ‘சுமையற்ற பிரயாணம்’ என்று படம் பிடித்துப் போடுகிறபோதுதான் சிரிப்பு வருகிறது.

அப்படியானால் எதைத்தான் கொண்டுபோவது? என் அபிப்பிராயம் சுருக்கமானது. வழி தருவதை விட்டுவிடுங்கள். வழி தராததைச் சுமந்துகொள்ளுங்கள். சோப்பும் வாழைப்பழமும் டீயும் இட்லியும் லாட்ஜ் அறையும் அந்த வழியில் கிடைக்கும். உங்கள் மூக்குக்கண்ணாடி கிடைக்காது. நீங்கள் சாப்பிடும் மாத்திரை, வேண்டிய இரவில் கிடைக்காது. முக்கியமாக, உங்கள் டியூப் கிடைக்காது. கிராமத்துச் சைக்கிள் கடையில் 28 அங்குல டியூப் தொங்கும். புதுமாதிரி சைக்கிள்களின் ஒல்லியான சக்கரத்துக்கும் மெல்லிய வால்வுக்கும் அங்கே மருந்து கிடையாது. அந்தக் கடைப் பம்பின் வாய்கூட அதில் பொருந்தாது. ஆகவே மாற்று டியூப் இரண்டு, பொருத்தமான பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல், ஒட்டுப்போடும் சாமான், திருகு சாவிகள், விளக்கு. 2 லிட்டர் தண்ணீர். மழைக்கு ஒரு மேலங்கி. உடை இரண்டு செட் போதும்: உடுத்தது ஒன்று, உலர்வது ஒன்று. நம் வெயிலில் துவைத்த துணி எவ்வளவு நேரம் ஈரமாக இருந்துவிடும்?

இவற்றைப் பாயில் பரப்பிவிட்டுப் பிறகு பைக்குப் போங்கள். பின் காரியரின் இரு புறமும் தொங்குகிற இரண்டு சிறிய பைகள் தாராளம். வாய் சுருட்டி மூடுகிற நீர் புகாத பை நல்லதுதான். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். முடியாதவர்கள் கித்தானில் தைத்துக்கொண்டு, உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு அதற்குள் துணியை வைத்தால் மழை ஒன்றும் செய்யாது. கட்டுவதற்குப் பழைய டியூபைக் கீறி எடுத்த ரப்பர் நாடா இருக்கிறது. மீன் கூடையும் இளநீர்க் குலையும் கட்டிக்கொண்டு தினமும் சைக்கிளில் போகிறவர்கள் கண்டுபிடித்த சாதனம் அது. அதைவிட இறுக்கமாகப் பிடிக்கிற பட்டையை நான் இன்னும் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

“இது ஆண்பிள்ளை பேசுகிற பேச்சு” என்று பெண் வாசகர்கள் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்கிற சுதந்திரம் இந்த ரோடுகளில் எனக்கு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. ஒதுங்க இடமில்லாத நீண்ட வழியில் அவர்களுடைய தேவை எனக்குத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். முன்னால் குழந்தை, பின்னால் தண்ணீர்க்குடம் என்று அவர்கள் போனதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அவர்களுக்கு எந்த எழுத்தாளனும் மூட்டை கட்டக் கற்றுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எது அவசியம் என்று தீர்மானிக்க வேண்டியவர் சுமக்கிறவர்தான். அவர் ஒரு கிலோ அதிகமாகக் கொண்டுபோனால் அதைத் தராசில் வைத்துப் பார்க்க எனக்கு உரிமையில்லை.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். கூடாரம் போயிற்று, உறைப் படுக்கை போயிற்று, அடுப்பும் மடிக்கணினியும் ஷூவும் போயின. என் நாவலும் போயிற்று. முன் சக்கரத்துப் பைகளைக் கழற்றி என் வீட்டுப் பரணில் போட்டோம். காபிப் பொடியை மட்டும் விடமாட்டேன் என்று அடம் பிடித்தார். காவிரிக் கரைக்குக் காபிப் பொடி கொண்டுபோவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் மனிதனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லாம் சேர்த்துத் தராசில் 8 கிலோதான் நின்றது.

கடைத்தெருவுக்குப் போய், அவர் சைக்கிளின் வால்வுக்குப் பொருந்துகிற பம்பு ஒன்று வாங்கினோம். ஒட்டுப்போடும் சாமான் வாங்கும்போது இரண்டு பொட்டலமாகக் கேட்டேன்.

“ஒண்ணு போதுமே சார். நீங்கதான எடையைக் குறைக்கச் சொன்னீங்க?” என்றார்.

“ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு, வழியில யாராவது வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தா அவருக்கு” என்றேன். பால்காரர் கதையை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன்.

ஏழாம் நாள் காலையில் கறுத்துப்போய் வந்து சேர்ந்தார். பொட்டலங்களில் ஒன்று பிரிந்திருந்தது. யாருக்காக என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.